நினைவு நாணயத்தின் விலை



நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் பிறழாத நேர்மையும் நாணயம். அரசு ஒன்று உலோகத் துண்டில் முத்திரை பொறித்து, "இது இவ்வளவு பெறும்" என்று கூறும்போது அது ஒரு வாக்கை அளிக்கிறது. அந்த வாக்கைக் காப்பதே அரசின் நாணயம். ஆனால், "இத் துண்டு நாளை இதைவிட மிகுதியாகப் பெறும்" என்று எந்த அரசும் பொறித்ததில்லை. அவ்வாறு எண்ணிக்கொள்வது நாமே. இந்த எண்ணத்தால் ஏமாந்தோர் நம்மிடையே பலர் உளர். ஆதலின், நினைவு நாணயங்களின் விலை ஏன் இறங்குகிறது என்பதை நமது மன்னார்க் கரையின் வரலாற்றை முன்வைத்து இன்று ஆராய்வோம்.

நினைவு நாணயம் என்பது யாது? விழா, ஆண்டு நிறைவு, வெற்றி, பெரியோர் வருகை ஆகிய ஏதேனும் ஒன்றை மக்கள் மனத்தில் நிறுத்துவதற்காக அரசு வெளியிடும் நாணயம் அது. சட்டப்படி அதுவும் பணமே. அதனால் அதற்கு மூன்று வகை மதிப்பு அமைகிறது. முகத்தில் பொறித்த தொகை ஒன்று. உள்ளே இருக்கும் உலோகத்தின் விலை மற்றொன்று. அதனை விரும்பிச் சேர்ப்போர் தர முன்வரும் விலை மூன்றாவது. முதலாவது அரசின் வாக்கால் நிற்பது. இரண்டாவது உலகச் சந்தையால் நிற்பது. மூன்றாவதோ மனிதரின் விருப்பம் ஒன்றினாலேயே நிற்பது. விருப்பம் தணிந்தால் அதுவும் தணியும்.

முகத்தில் உள்ள உருவத்தைவிட எடையே பெரிது என்பதை நம் கரையோரத்து மன்னர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். உரோம எழுத்தாளர் பிளினி ஒரு செய்தியைக் குறித்துள்ளார். கிளாடியசு பேரரசர் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியசு புளோகாமசு என்பவரின் பணியாளர் ஒருவர் காற்றால் அலைக்கழிக்கப்பட்டு, இலங்கையின் இப்புரோசு என்னும் துறையை அடைந்தார். மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள குதிரைமலையே அத் துறை என்று அறிஞர் பலர் கருதுவர். அவரிடம் இருந்த உரோம வெள்ளிக் காசுகளை அரசன் பார்த்தான். காசுகளில் வெவ்வேறு அரசர் தலைகள் இருந்தும், எடை மட்டும் ஒன்றாகவே இருந்ததைக் கண்டு வியந்து, அம் மக்களின் நேர்மையைப் பாராட்டினான் என்பர். தலை யாருடையது என்பதை அவன் பெரிதாக எண்ணவில்லை. எடை மாறாதிருந்ததையே பெரிதாக எண்ணினான்.

ஆறாம் நூற்றாண்டில் கொசுமாசு என்னும் கிரேக்க வணிகத் துறவியும் இத்தகைய கதை ஒன்றை எழுதிவைத்தார். சோபத்தர் என்ற வணிகரும் பாரசீகர் ஒருவரும் இலங்கை அரசன் முன்னிலையில், தத்தம் வேந்தரே பெரியவர் என்று வாதிட்டனர். அரசன் இருவர் காசையும் வாங்கி ஒப்பிட்டான். உரோமரின் பொற்காசையும் பாரசீகரின் வெள்ளிக் காசையும் பார்த்தபின் உரோமர் பக்கமே தீர்ப்பு வந்தது. கதையில் மிகை இருக்கலாம். எனினும், காசைக் கொண்டு அரசை அளக்கும் வழக்கம் இந்து மாகடல் வணிகத்தில் இருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

அக்கால வணிகத்தின் பெருந்துறை நமது மாதோட்டம். திருக்கேதீச்சரத் திருக்கோயில் விளங்கும் அம் மாந்தை மண்ணில் 1980 முதல் 1984 வரை யோன் காசுவெல் தலைமையில் அகழாய்வு நடந்தது. இலங்கையின் பல இடங்களில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமச் செப்புச் சிறு காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து உள்நாட்டிலேயே வார்த்த போலிகளும் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பழமை உடையவை ஆயினும், அவ்வகைக் காசுகள் உலகச் சந்தையில் மலிவாகவே விற்கப்படுகின்றன. ஏனெனில், அவை மிகுதியாக எஞ்சியுள்ளன. பழமை மட்டும் ஒரு பொருளை விலை உயர்த்துவதில்லை என்ற முதற் பாடத்தை இச் செப்புக் காசுகள் நமக்குக் கற்பிக்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மண்ணுள் கிடைக்கும் பழங்காசு கண்டெடுத்தவருடைய சொத்தன்று. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அது அரசுக்குரியது. அதனை விற்பது குற்றம், அறிவிப்பது கடமை. ஆதலால் இனி நாம் பேசப்போவது, முறையாக வாங்கி வைத்திருக்கும் தற்கால நாணயங்களைப் பற்றியே ஆகும்.

மன்னாரை 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் பிரித்தானியரும் கைப்பற்றினர். ஆட்சி மாறுந்தோறும் காசும் மாறியது. ஒல்லாந்தக் கம்பெனியின் செப்புக் காசு போய், பிரித்தானியரின் யானைக் காசு வந்தது. கணக்குக்கு வழங்கிய றிக்சு டொலர், அளவுக்கு மிஞ்சி வெளியான கடதாசிப் பணத்தால் மதிப்புத் தாழ்ந்து, 1825இல் ஒன்றரைச் சிலிங் என்று முடிவு கட்டப்பட்டது. 1872இல் நூறு சதம் கொண்ட ரூபாய் வந்தது. ஓர் ஆட்சியின் காசைச் சேர்த்து வைத்தவன், அடுத்த ஆட்சியில் அதனை உலோக எடைக்கே மாற்ற வேண்டியிருந்தது. அரசின் வாக்கு அற்றவுடன், காசில் எஞ்சியது செம்பும் வெள்ளியுமே.

நேயர்களே, விருப்பத்தால் நிற்கும் விலை எவ்வாறு ஏறி இறங்கும் என்பதற்கு நம் கரையில் ஒரு தனிச் சான்று உண்டு. அதுதான் முத்துச் சலாபம். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் சலாபம் கூடும்போது வெறுங்கடற்கரை பெருநகரமாகும். மூழ்குவோர் எடுத்துவந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு அவர்களுக்கு. அரசின் பங்கு அன்றன்றே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்பட்டது. சிப்பிகள் திறக்கப்படாமலே விற்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே முத்து உண்டோ, இல்லையோ எவருக்கும் தெரியாது. மக்கள் விலை கொடுத்தது சிப்பிக்கு அன்று, நம்பிக்கைக்கே.

1905ஆம் ஆண்டுச் சலாபம் வரலாறு காணாதது. ஏறக்குறைய எட்டுக் கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபாய் அளவில் வருமானம் கிடைத்தது. அந்த ஆண்டின் பெருக்கு இனி ஆண்டுதோறும் தொடரும் என்று நம்பிய இலண்டன் முதலீட்டாளர் ஒரு கம்பெனி அமைத்து, 1906இல் இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தனர். ஆண்டுக் குத்தகைத் தொகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லை. 1912இல் கம்பெனியும் கலைந்தது. பின்னர், யப்பானில் மிக்கிமோத்தோ முதலியோர் வளர்த்த முத்துகள் 1920களில் சந்தையை நிறைத்தன. இயற்கை முத்தின் விலையும் வீழ்ந்தது. உச்ச விலையை நிலையான விலை என்று எண்ணுவது ஒரு பிழை. அரியது என்று கொண்ட பொருள் என்றும் அரியதாகவே இருக்கும் என்று எண்ணுவது மற்றொரு பிழை. நாணயம் சேர்ப்போரும் இவ்விரு பிழைகளையுமே செய்கின்றனர்.

இனி நம் நாட்டின் நினைவு நாணயங்களுக்கு வருவோம். 1950இல் மத்திய வங்கி தொடங்கியது. புத்தர் பெருமானின் 2500ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1957ஆம் ஆண்டு பொறித்த ஒரு ரூபாய் நாணயமும் ஐந்து ரூபாய் வெள்ளி நாணயமும் வெளியாயின. ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 28 கிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. ஐந்து இலட்சம் நாணயங்கள் அச்சிடப்பட்டன. அவற்றுள் 2,58,000 திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. பாதிக்கு மேல் மக்கள் கையில் தங்கவில்லை.

இதற்குக் காரணம் தேடுவோர் அக்கால வெள்ளி விலையை நோக்க வேண்டும். அன்று ஓர் அவுன்சு வெள்ளி ஒரு டொலருக்கும் குறைவு. ஒரு டொலருக்கு நான்கு ரூபாய் எழுபத்தாறு சதம். கணக்கிட்டால், நாணயத்தில் இருந்த வெள்ளியின் பெறுமதி நான்கு ரூபாய்க்கும் கீழே நின்றது. முகத் தொகையோ ஐந்து ரூபாய். அந்நாளில் ஐந்து ரூபாய் என்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. அதனைப் பெட்டியில் பூட்டிவைக்க எத்தனை பேரால் இயலும்?

இன்றோ நிலை மாறிவிட்டது. 2024ஆம் ஆண்டின் வெள்ளி விலையையும் நாணய மாற்றையும் கொண்டு கணக்கிட்டால், அதே நாணயத்தில் உள்ள வெள்ளி மட்டும் ஏழாயிரம் ரூபாய் அளவில் பெறும். இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, நினைவு நாணயம் இலாபம் தந்ததே!" என்று சிலர் கூறலாம். உயர்ந்தது நினைவா, வெள்ளியா என்று ஆராய வேண்டும். அதே விழாவுக்கு வெளியான செம்பு நிக்கல் ஒரு ரூபாயும் அதே வயதினதே. அதே நினைவைத் தாங்கியதே. ஆனால் வெள்ளியைப் போல் அதனைத் தூக்கிவிட உள்ளே ஒன்றும் இல்லை. விழாவின் பெருமை இரண்டு காசுக்கும் ஒன்றுதான். உலோகமே இரண்டையும் வேறாக்கியது.

அதன்பின் வெளியான நாணயங்கள் பல. 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு, 1981இல் சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாம் ஆண்டு, 1998இல் சுதந்திரப் பொன்விழா, 1996இன் துடுப்பாட்ட உலகக் கிண்ண வெற்றி என ஒவ்வொன்றுக்கும் நாணயம் வந்தது. 2013ஆம் ஆண்டு பொறித்த பத்து ரூபாய் வரிசையில் இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் தனித்தனி நாணயம் அமைந்தது. மன்னார் மாவட்டத்துக்கும் ஒன்று உண்டு. 2015 சனவரியில் பாப்பரசர் பிரான்சிசு இலங்கைக்கு வந்து, மடுத் திருப்பதியிலும் வழிபாடு நடத்தியபோது ஐந்நூறு ரூபாய் நினைவு நாணயம் வெளியாயிற்று. நம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அதனைப் பத்தியோடு வைத்திருக்கின்றன. பத்தியின் பொருட்டு வைத்திருப்போரைப் பற்றி நமக்கு ஒரு குறையும் இல்லை. வருவாய் கருதி வைத்திருப்போர்க்கு மட்டும் ஒரு கணக்கைச் சொல்லலாம். 2015 தொடக்கத்தில் ஐந்நூறு ரூபாய் ஏறக்குறைய மூன்றே முக்கால் டொலர் பெற்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், 2024இல் அதே தொகை இரண்டு டொலர்கூடப் பெறவில்லை. அதே காலத்தில் ஒரு பவுண் தங்கத்தின் ரூபாய் விலை நான்கு மடங்குக்கு மேல் ஏறியது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலையில் வரலாற்றுக் கண்காட்சி ஒன்று நடந்தது. கடற்றொழில் செய்யும் பெற்றோர் ஒருவர் தகரப் பேணி ஒன்றில் முப்பதுக்கு மேற்பட்ட நினைவு நாணயங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். மகளின் கலியாணத்துக்கு உதவும் என்று இருபது ஆண்டுகளாகச் சேர்த்தவை அவை. பின்னர் அவர் அவற்றைத் தலைநகரில் ஒரு கடைக்குக் கொண்டுசென்றார். வெள்ளிக் காசு ஒன்றினை மட்டும் கடைக்காரர் தராசில் இட்டு விலை சொன்னார். ஏனையவற்றுக்கு முகத் தொகையே தருவதாகக் கூறினார். அவற்றுட் சிலவற்றை அந்தப் பெற்றோர் முன்பு பெட்டியும் சான்றுத் தாளுமாகக் கூடிய விலைக்கு வாங்கியிருந்தார். கடைக்காரர் பொய் கூறவில்லை. அவருடைய மேசையறை நிறைய அதே காசுகள் கிடந்தன. திரும்பி வந்த அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, இவ்வளவு கவனமாக வைத்திருந்தும் ஏன் விலை போகவில்லை?"

அவர் கேள்வியிலேயே விடை இருக்கிறது. அவர் கவனமாக வைத்திருந்தார். அவரைப் போலவே எல்லோரும் கவனமாக வைத்திருந்தனர். பழங்காசு ஒன்று அரிதாவது எவ்வாறு? வழக்கில் தேய்ந்தும், தொலைந்தும், உருக்கப்பட்டும் பெரும்பாலானவை அழிந்தபின், எஞ்சிய சில அரியவை ஆகின்றன. நினைவு நாணயமோ பிறக்கும்போதே பெட்டியில் வைக்கப்படுகிறது. அழிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. விற்க விரும்பும் காலத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒருங்கே திறக்கும். வாங்குவோர் சிலர், விற்போர் பலர் என்றானபின் விலை எவ்வாறு நிற்கும்?

வேறு காரணங்களும் உண்டு. புதிதாக வாங்கும்போது நாம் கொடுக்கும் விலையில் பெட்டியின் செலவும், அச்சுச் செலவும், விற்பவர் ஊதியமும் அடங்கும். விற்கும்போது அவற்றை எவரும் திருப்பித் தருவதில்லை. வணிகரும் தாம் விற்கும் விலைக்கு வாங்குவதில்லை. இடையில் தம் ஊதியத்தைக் கழித்தே வாங்குவர். மேலும், விழா நடக்கும் நாளில் ஆர்வம் பொங்கும். பத்து ஆண்டு கழிந்தபின் அவ்விழாவையே பலர் மறந்துவிடுவர். ஆண்டுதோறும் புதிய வெளியீடுகள் வருவதால், சேர்ப்போர் பணமும் பல வழியாகச் சிதறும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவில் 1892இல் கொலம்பசு நினைவாக அரை டொலர் நாணயம் அச்சிட்டு, ஒரு டொலருக்கு விற்றனர். ஐம்பது இலட்சம் வரை அச்சிட அனுமதி இருந்தது. விற்காமல் எஞ்சியவை இறுதியில் அரை டொலராகவே கடைத்தெருவில் புழங்கின. அங்கே 1936இல் நினைவு நாணய மோகம் உச்சத்துக்கு ஏறி, விரைவில் சரிந்தது. பிரித்தானியா 1965இல் சேர்ச்சில் நினைவாக வெளியிட்ட ஐந்து சிலிங் நாணயங்கள் ஒரு கோடியே தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்டவை. பேரப் பிள்ளைகளுக்காக அவற்றைச் சேமித்த பாட்டனார் எண்ணற்றோர். இன்றும் அவை முகத் தொகையை ஒட்டியே கிடைக்கின்றன. 1976 மொன்றியல் ஒலிம்பிக் விழாவுக்குக் கனடா வெளியிட்ட வெள்ளி நாணயங்களும் பெரும்பாலும் வெள்ளியின் எடைக்கே கைமாறுகின்றன.

நம் முன்னோர் இதனை ஒருவாறு அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. பிரித்தானியப் பொற்காசாகிய பவுண் இங்கு வந்தபோது, அதில் இருந்த முடியரசர் தலையை எவரும் போற்றிச் சேர்க்கவில்லை. இருபத்திரண்டு கரட் தூய்மையும், எட்டுக் கிராமுக்கு மிக அணித்தான எடையும் மாறாதிருந்தமையால், பவுண் என்பதே தங்கத்தின் அளவுப் பெயராக நம் பேச்சில் நிலைத்தது. தாலிக்கொடி எத்தனை பவுண் என்றுதான் இன்றும் கேட்கிறோம். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல் வழியாகவும், 1964 புயலுக்குப் பின் 1984 வரை இராமேசுவரத்திலிருந்து வந்த கப்பல் வழியாகவும் இந்தியக் காசுகள் பல நம் வீடுகளுக்கு வந்தன. நேரு நினைவு ரூபாயும் அவ்வாறு வந்ததே. கப்பல் நின்றபின் அக் காசு இங்கே செலவாகாத விளையாட்டுப் பொருளாயிற்று. போர்க்காலத்தில் மன்னார் மக்கள் இனம், சமய வேறுபாடின்றி இடம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் இங்குள்ள முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கடல் கடந்து அகதிகளாய்ச் சென்றோரும் பலர். நகையை விற்றுப் படகுக் கூலி கொடுத்தோர் உண்டு. நினைவு நாணயத்தைக் கொடுத்துப் படகு ஏறியவரை நாம் கேள்விப்பட்டதில்லை. இடர் வரும் நாளில் எது கைமாறுமோ அதுவே சேமிப்பு ஆகும்.

ஆகவே, நினைவு நாணயம் வாங்க விரும்புவோர் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்வாராக. இதன் உலோகம் என்ன, அதன் எடை விலை எவ்வளவு? எத்தனை அச்சிடப்பட்டன, அவற்றுள் எத்தனை இன்றும் இருக்கின்றன? நாளை நான் விற்க முனைந்தால் வாங்குவார் யார், எங்கே? இம்மூன்றுக்கும் விடை தெரியாவிடில், கொடுக்கும் பணத்தைச் செலவு என்று எழுதுக. சேமிப்பு என்று எழுதற்க. ஏற்கெனவே வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: புளியும் சாம்பலும் இட்டுக் காசைத் துலக்காதீர்கள். பளபளப்பு வந்தாலும் சேர்ப்போர் அதனை விரும்பார். உள்ள மதிப்பும் குறையும். அடைவு கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன், வெள்ளிக் காசை வேறாகவும் ஏனையவற்றை வேறாகவும் பிரித்து, அன்றைய வெள்ளி விலையை அறிந்துகொண்டு செல்லுங்கள். ஏனையவற்றின் முகத் தொகை சட்டப்படி உங்களுக்குரியது. அதற்குக் குறைவாக எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

கண்காட்சிக்கு வந்த அந்தப் பெற்றோர், தமது காசுகளுள் இரண்டினைப் பாடசாலைக்கு அன்பளிப்பாகத் தந்தார். ஒன்று மன்னார் மாவட்டப் பத்து ரூபாய். மற்றொன்று அணிசேரா மாநாட்டு நாணயம். எட்டாம் வகுப்பு மாணவர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அம் மாநாட்டுக்கு எந்தெந்த நாடுகள் வந்தன, அக்காலத்தில் ஒரு கொத்து அரிசி என்ன விலை, இன்று அந்த நாணயம் எதை வாங்கும் என்றெல்லாம் கேட்கத் தொடங்கினர். ஒரு பாட வேளை முழுவதும் அக் கேள்விகளிலேயே கழிந்தது. கடைக்காரரின் தராசு இதற்கு விலை சொல்லாது. உங்கள் பேணியில் விலை போகாத நாணயங்கள் இருக்குமாயின், அவற்றுள் ஒன்றிரண்டை அருகில் உள்ள பாடசாலைக்குக் கொடுத்துப் பாருங்கள்; எஞ்சியவற்றை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டி, அவை வெளியான நாளில் நாடு எவ்வாறு இருந்தது என்று சொல்லிக் கொடுங்கள். அவர்களின் கலியாணத்துக்கு வேண்டிய பணத்தை வேறு வழியாகத் தேடிக்கொள்வோம்.